வீட்டுப் பாத்திக் காய்

கரப்பானுக்குப் பத்தியம் பார்த்துச் சோறு போடுகிற ஆள் உலகத்தில் உண்டா என்று கேட்டால், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒருவன் இருந்தான். பெயர் எழிலன். மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் பதினெட்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் முட்டை அட்டைகளை அடுக்கி, அதற்குள் ஆயிரக்கணக்கில் கரப்பான் வளர்த்தான். நம் அடுப்படியில் ஓடுகிற ஜாதி இல்லை. டூபியா என்று பெயர். பறக்காது, வழவழப்பான சுவரில் ஏறாது. வசதியான வீடுகளில் அதிர்ஷ்டம் வரும் என்று கண்ணாடித் தொட்டியில் அரோவானா மீன் வளர்க்கிறார்களே, அந்த மீனுக்கு இது தீனி. சிதம்பரத்தில் மீன் கடை வைத்திருந்த அபுல் ஹசன் மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டார். எழிலன் வீட்டில் உலை கொதித்தது இந்தக் கரப்பான்களால்தான்.

முதல் நாளே அபுல் ஹசன் ஒன்று சொல்லியிருந்தார். "தம்பி, கரப்பான் எதத் திங்குதோ அதத்தான் மீனு திங்குது. மருந்தடிச்ச காய மட்டும் போட்டுறாதீங்க. ஒரு மீனு செத்தாக்கூட நான் கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

எழிலன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். வந்த மறுவாரமே மார்க்கெட்டில் கழித்துப் போட்ட பூக்கோசு இலையை அள்ளி வந்து, இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவி, ஆறு பெட்டிக்கு மட்டும் போட்டான். மறுநாள் மத்தியானம் மூடியைத் திறந்தால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. சிலதுக்குக் கால் மட்டும் துடித்தது. அணுகுண்டு போட்டாலும் கரப்பான் சாகாது என்பார்களே, அந்தக் கரப்பான்! காய்க்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தான். அவர் சிரித்தார். "பூக்கோசுக்கு மருந்தடிக்காம எவன்ணே விவசாயம் பண்றான்? நாங்க துன்னல? செத்தா போயிட்டோம்?"

மிச்சப் பெட்டிகளுக்கு உலர் தீவனம் மட்டும் வைத்துப் பார்த்தான். தண்ணீர்ச் சத்து இல்லாமல் அவை குஞ்சு போடுவதை நிறுத்திவிட்டன. அப்போதுதான் அவன் கண் அந்த மஞ்சள் பையின் மேல் விழுந்தது.

அவன் மனைவி கனிமொழியின் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். அப்பா சடையப்பன் தோட்டக்காரர். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. சந்தைக்குப் போகிற காய்க்கு மருந்து அடிப்பார்கள். வீட்டுக்கென்று நாலு பாத்தியைத் தனியாக விட்டு, அதன் பக்கமே மருந்தைக் கொண்டுபோக மாட்டார்கள். ஊரார் பிள்ளைக்கு ஒரு காய், தன் பிள்ளைக்கு ஒரு காய். இதில் என்ன நியாயம் என்று சடையப்பனிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கனிமொழிக்கு முன்பு இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துபோயிருந்தது. மூன்றாவது நின்றது என்று தெரிந்ததும், மனிதர் காற்று வீசுகிற திசையெல்லாம் பார்த்து வீட்டுப் பாத்தியை வேறு மூலைக்கு மாற்றிப் போட்டார். வியாழன்தோறும் கத்தரி, சுரை, பரங்கி, முருங்கைக்கீரை என்று ஒரு மஞ்சள் பையில் கட்டி, கடலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். எழிலன் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வான்.

முதலில் தோலையும் காம்பையும்தான் கரப்பானுக்குப் போட்டான். அவை தின்று கொழுத்தன. தோல் போதவில்லை, பாதிக் காயைப் போட்டான். பிறகு பாதியும் போதவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே மஞ்சள் பையைக் காலி செய்து தன் பைக்கு மாற்றி, மார்க்கெட்டில் அதே காய்களை வாங்கி மஞ்சள் பையில் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். இவன் ஒரு தோட்டத்தையே மறைத்தான்.

மாமனாரிடம் இன்னொரு பை கேட்டிருந்தால் மூட்டையாகவே அனுப்பியிருப்பார். ஆனால் அவரிடம் மீன் வியாபாரம் என்றுதான் சொல்லி வைத்திருந்தான். 'மாமா, என் கரப்பானுக்கும் சேர்த்து அனுப்புங்கள்' என்று எந்த மருமகன் வாய் திறந்து கேட்பான்? அந்த வெட்கம் அவனுக்குப் பெரிதாகப் பட்டது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தால் அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விடுவாள், அதுவரைக்கும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மனுஷ உடம்பும் கரப்பான் உடம்பும் ஒன்றா? உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினால் போயிற்று.

அவனே உட்கார்ந்து கழுவியும் கொடுத்தான். கனிமொழிக்குச் சிரிப்பாக இருந்தது. "எங்கப்பா அனுப்புன காய்ங்க. அதப் போயி இத்தினி தடவ கழுவுறீங்களே, சேத்துலயா பொரட்டி அனுப்புறாரு?"

ஒரு நாள் சடையப்பன் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எழிலனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"கத்தரிக்காயில பூச்சி ஜாஸ்தியா இருந்துச்சாம்மா?"

"ஒண்ணுகூட இல்லப்பா. கண்ணாடி மாதிரி இருக்குது ஒவ்வொண்ணும்."

"பூச்சி இல்லாம எப்படிம்மா? நான் பறிக்கும்போதே பத்துக்கு நாலு ஓட்டையால்ல இருந்துச்சி."

"உங்க மாப்ள ஓட்டைய எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுதான் எங்கிட்டக் குடுப்பாரு," என்றாள் பெருமையாக. எழிலன் தட்டிலேயே கை கழுவி எழுந்தான்.

ஆறாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா முகம் சுருங்கியது. பிள்ளை எடை குறைவு, பனிக்குடத் தண்ணீரும் கம்மி என்றார். "நெறைய காய்கறி, கீரை சாப்பிடும்மா," என்று எழுதிக் கொடுத்தார். ஏன் குறைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றார். எழிலன் அந்த ஆயிரத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கனிமொழி அன்றிலிருந்து சோற்றைக் குறைத்துக் காயை இரண்டு மடங்காக்கினாள். அவள் தட்டில் காய் குவியும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பார்த்தான். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். அடுத்த வியாழன் முதல் நிறுத்திவிடுவோம் என்றும் தோன்றும். வியாழன் வரும், பெட்டிகள் நிறைந்திருக்கும், பை மாறும்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் சிதம்பரத்துக்குச் சரக்கு கொண்டுபோனான். அபுல் ஹசன் தொட்டியருகே நிறுத்திக் காட்டினார். மீன் தகதகவென்று சிவந்திருந்தது.

"மாஷா அல்லாஹ், பாருங்க தம்பி. எல்லாம் உங்க கரப்பான் பண்ணுன வேல. பெத்த புள்ளைக்குக்கூட இப்பிடிப் பாத்துப் பாத்துப் போட மாட்டாங்க."

எழிலன் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் புவனகிரி தாண்டியும் அந்தப் பேச்சு அவனை விடவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது. அந்த முடிவோடு அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி மூன்று.

வீட்டில் கனிமொழி இல்லை. மாடியறைக் கதவு கிறீச்சிட்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. நினைத்தாலே குமட்டும் என்பாள். ஆனால் முந்தின வாரம் அவன் ஏதோ பேச்சில், இந்த ஜாதி முட்டையை வெளியே விடாது, வயிற்றிலேயே வைத்திருந்து குஞ்சாகத்தான் விடும் என்று சொல்லியிருந்தான். அதிலிருந்து அவளுக்கு அவற்றின் மேல் ஒரு இரக்கம். தகரத்துக்கு அடியில் வெயிலில் கிடக்கிறதே, இந்த மனுஷன் இன்னும் வரவில்லையே என்று ஒரு தட்டில் சுரைக்காயை நறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறியிருக்கிறாள்.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவினான். அவள் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு துண்டைப் போட்டுவிட்டு, அடுத்த துண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டீங்களா? அதுங்களும் வயித்துப் புள்ளக்காரிங்கதான, பசிக்குமேன்னு..."

"போடாத! கடைக்காயி அது! துன்னா அத்தனையும் செத்துடும்!"

அலறிக்கொண்டே அவளை ஒதுக்கிவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டான். துண்டை எடுத்து எறிந்தான். அது கிடந்த அட்டையையும் உருவி வெளியே வீசினான். ஏதாவது வாய் வைத்துவிட்டதா என்று குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் ஓடின. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கனிமொழி கையில் தட்டு அப்படியே இருந்தது. பக்கத்துப் பெட்டியில் கோணல் மாணலாக, ஓட்டை விழுந்த கத்தரிக்காய்கள் கிடந்தன. அப்பன் தோட்டத்துக் காய் மகளுக்குத் தெரியாதா? அவள் அதைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள்.

"இந்தச் சொரக்காயோட மறுபாதியத்தான் பன்னண்டு மணிக்குக் கூட்டு வச்சித் துன்னேன்," என்றாள்.

"கனி... நான் இன்னிக்குச் சொல்லலாம்னுதான்..."

"எத்தினி நாளா?"

"மூணு மாசம் இருக்கும்."

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். "இதத் துன்னா, அதுங்க எத்தினி நாள்ல சாவும்?"

மறுநாளே என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அவன் கிட்டே வந்தான். கை காட்டி அங்கேயே நிறுத்திவிட்டாள். அறைக்குள் கரப்பான்கள் அட்டையில் ஊர்கிற சரசரப்பு கேட்டது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தவறாமல் புரளுகிற பிள்ளை, மணி மூன்று தாண்டியும் இன்னும் புரளவில்லை.