நாலடிப் பாட்டுக்குள் ஓர் ஊர்

குண்டாற்று மணற்பரப்பில் இளங்கதிர் தவழ்ந்து, திருச்சுழிக் கோபுரத்தைத் தொட்டு, அருப்புக்கோட்டைச் சாலைப் புளியமரங்களின் இடையே புகுந்து, எஞ்சிக் கிடந்த கரிசற் காட்டையெல்லாம் பொன்னிறமாக்கிய மாசித் திங்கள் விடியற்பொழுது அது. மழையை எண்ணி எண்ணி வாய்பிளந்து கிடப்பதையே தொழிலாகக் கொண்ட அந்நிலம், பருத்தி வெடிக்கும் நாளில் மட்டும், தனக்கும் சிரிக்கத் தெரியும் என்று வெள்ளை வெளேரெனச் சிரித்துக்காட்டும். கற்றறிந்த அன்பரே, நீரும் என்னோடு அந்த வரப்பில் வந்து நில்லும். நெருஞ்சி கிடக்கிறது, செருப்போடே வாரும்.

அதோ மடிநிறையப் பருத்தி எடுத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள் பெயர் குருவம்மாள். இலங்கை மலைத் தேயிலைத் தோட்டத்திலே பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டு மஞ்சுக்குள்ளேயே வளர்ந்து, இரண்டு அரசுகள் தம்முள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையால் கப்பலேற்றப்பட்டு, எழுபத்து மூன்றாம் ஆண்டுச் சித்திரையில் தந்தை பிறந்த இவ்வூர் வந்து சேர்ந்தவள். "சொந்த ஊருக்கு வந்துட்டே, தாயி" என்று ஊரே கூடி வரவேற்றது. சொந்தமாம் சொந்தம்! கண்ணை மூடினால் அவளுக்குப் பனிதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் வெயில்தான் தெரிந்தது. வந்து பத்துத் திங்களாகியும் இந்த மண்மேல் அவளுக்கு ஒரு பிடிப்பும் உண்டாகவில்லை.

அதை வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அவள் தாய் சந்தனம்மாள், கொழுந்து கிள்ளும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடுவாள். தானே கட்டிய பாட்டு, நான்கே அடி. தந்தை முன்னரே மறைய, மகளுக்குப் பத்து வயதாகும்போது அவளும் கண்மூடினாள். மகளுக்கு அவள் விட்டுச்சென்ற சொத்து அந்தப் பாட்டு ஒன்றுதான்:

மஞ்சு மலைமேலே மாளாத பனிக்குள்ளே
நெஞ்சு கிடந்துருகி நிக்குதடி என்தாயே;
பஞ்சு வெடிச்சிருக்கும் பருத்திக் கரிசலிலே
கொஞ்சம் படுத்துறங்கக் கொடுத்துவைப்ப தெந்நாளோ.

எந்த மண்ணுக்காகத் தாய் ஏங்கி ஏங்கி மாண்டாளோ, அதிலே தான் வந்து நின்றுகொண்டு, அந்த மண்ணை வெறுப்பதா? இக்குற்ற உணர்வு குருவம்மாளின் நெஞ்சை ஓயாமல் அரித்தது. இந்நிலையில்தான், கடல்கடந்து வந்தவர்களுக்கு நீலமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் வீடும் தருவதாக ஓலை வந்தது. கணவனும் மனைவியும் வெள்ளிக்கிழமைக்குள் அருப்புக்கோட்டை அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். தவறினால் அவ்விடம் வேறொருவர்க்குப் போய்விடும். பஞ்சுப்பொதி சுமந்து முதுகொடிந்த அவள் கணவன் வீரணன், நேற்று மாலை அதைப் பற்றிக் கேட்டான்.

"எங்காத்தா ஏங்கிச் செத்த மண்ணுங்க இது. இதை விட்டுட்டு ஓடினா என் கட்டை வேகுமா?" என்றாள்.

"தூக்கத்துல பனி பனின்னு பெனாத்துறது நீதானே? நானா பெனாத்துறேன்?" என்றான் வீரணன்.

இவ்வாறு மனம் ஒருபுறமும் கடமை ஒருபுறமுமாக இழுக்க, மறுநாளாகிய இவ்விடியலில் செடிசெடியாகக் குனிந்து நிமிர்ந்தவள், தன்னையறியாமலே அப்பாட்டைப் பாடத் தொடங்கினாள். அடுத்த நிரையில் பருத்தியெடுத்துக்கொண்டிருந்தவள் அவள் தந்தையின் தங்கை பிச்சையம்மாள். அறுபதைக் கடந்தும் நாவின் கூர்மை மழுங்காதவள். பாட்டு முடியும்வரை கை அசையாது நின்று கேட்டாள்.

"யாரு கட்டுன பாட்டுத்தா இது?"

"எங்காத்தா கட்டுனது அத்தை. இந்த ஊரை நெனச்சு நெனச்சு அழுதா. கப்பலேறிப் போன நாள்லருந்து மறக்கவே இல்ல போல."

பிச்சையம்மாள் வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தீ! யாரு கப்பலேறுனது? எங்கண்ணன்தான் ஏறிப் போனாக. ஒங்காத்தா அங்ஙனயே பொறந்து, அங்ஙனயே வளந்தவ. 'பொண்ணு மலையில பொறந்தவ, கரிசல்னா என்னன்னே தெரியாது'ன்னு எங்கண்ணன் காயிதம் போட்டிருந்தாகளே! அவுக சொல்லக் கேட்டுத்தான் பாட்டுக் கட்டியிருப்பா. இந்த மண்ணை அவ மிதிச்சதே இல்ல தாயி."

குருவம்மாளின் மடி அவிழ்ந்து பருத்தியெல்லாம் மண்ணில் சிந்திற்று; அவள் குனியவில்லை. காணாத ஊரையா பாடினாள் அவள் தாய்? முழங்கால்வரை அட்டை கடிக்க, முதுகிலே கூடை அழுத்த, அந்த மலைச்சரிவிலே நிமிர்ந்து நிற்பதற்காக, கணவன் வாய்ச்சொல்லைக் கொண்டு நெஞ்சுக்குள்ளே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டாள், அதிலே வாழ்ந்தாள். அது மகளுக்கு இட்ட கட்டளையன்று. மகளும் அதுபோல் ஓர் ஊரை நினைத்து ஏங்கலாம். ஏங்கினால் அது பிழையன்று, தாய்வழி வந்த பழக்கம். இத்தனை நாளும் தாயை மீறுகிறோம் என்று அஞ்சிய அந்தப் பேதை, தாயைப் போலவே இருக்கிறோம் என்று கண்டபோது, வரப்பில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள். நெஞ்சு இலேசாயிற்று.

கஞ்சிக் கலயத்தோடு வந்த வீரணன் பதறினான். "என்ன புள்ள, பூச்சி பொட்டு எதுவும் கடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்லங்க. வெள்ளிக்கிழமை போயி கையெழுத்துப் போட்டுருவோம்."

அவன் கலயத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். குருவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையின் பக்கம் திரும்பினாள். பிள்ளையும் இல்லாமல் துணையும் இல்லாமல் தனித்திருப்பவள் அல்லவா அவள்!

"நீங்களும் எங்க கூட வந்துருங்க அத்தை. மலை, மஞ்சு, ஓயாத மழை. எல்லாம் கண்ணால பாக்கலாம்."

பிச்சையம்மாள் கையிலிருந்த பருத்தியை மடியிலிட்டாள். அவள் பார்வை வெயிலைக் கடந்து எங்கோ சென்றது.

"எங்கண்ணன் காயிதத்துல மலையைப் பத்தி எழுதுவாக. மேகம் வீட்டுக்குள்ள வந்து போகும்பாக. நாப்பது வருசமா இந்த வேகாத வெயில்ல அதைத்தேன் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். அதையும் வந்து பாத்துப்புட்டேன்னா, அப்பறம் எதை நெனச்சுப் பருத்தி எடுப்பேன்? நீ போயிட்டு வா தாயி."

சிலர்க்கு ஊர் என்பது சென்று சேர்தற்கு உரியது. சிலர்க்கோ செல்லாதிருந்து காத்தற்கு உரியது. இதனை உணர்ந்த குருவம்மாள் அத்தையின் காலைத் தொட்டு வணங்கினாள். பிச்சையம்மாள் அவளை வாழ்த்தவும் மறந்தவளாய், இன்னும் எடுக்காத நிரையை நோக்கி மெல்ல நடந்தாள்.