தம்மாமிலிருந்து வந்த கூலர்

மேலப்பாளையத்தில், வெளிநாட்டுக்குச் சபர் போனவர் ஊர் திரும்பினால் பெட்டி திறப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கூடத்தில் பாய் விரித்து, சொந்தபந்தம் சுற்றி உட்கார, வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார். வாங்குகிறவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டை பிடித்தாலும் சரி, செண்டு வாசனை தலைவலியைக் கொடுத்தாலும் சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நஸீமா பேசிவிட்டாள்.

அவள் கணவன் நூர்முகம்மது சவூதியின் தம்மாமிலிருந்து துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தது, கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் ஓட்டித் தணிக்கும் லிக்விட் கூலர். மூன்று ஃபேன் வைத்த நீளமான ரேடியேட்டர், அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய், குழாய் முனையில் படம் ஓடும் வட்டத் திரை. கூடமே வாயைப் பிளந்து பார்த்தது.

“இது உள்ள போவாது மச்சான்,” என்றாள் நஸீமா. “என் கம்ப்யூட்டர் கேபினட்ல ரெண்டு ஃபேனுக்குத்தான் இடம். அளவெடுத்து அனுப்பியிருந்தேன்லா?”

மாமியார் ஆபிதா பீவி பார்த்த பார்வையில் வேறொருத்தியாக இருந்தால் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள். நஸீமா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் ஒன்றும் விளையாட்டுக்குக் கேட்ட பொருள் இல்லை அது. இனிமேல் கட்டப்போகும் கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். இப்போது கையில் இருப்பது கொச்சிக் கம்பெனி ஒன்று கேட்ட ஆஸ்பத்திரி வீடியோ. சித்திரை வெயிலில் மாடி அறையின் தளம் கொதிக்கிறது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சூடேறி, பாதி வேலையில் பட்டென்று மிஷின் அணைந்துவிடுகிறது. ஏற்கெனவே கெடு தவறியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேலை போனால் இந்த வீட்டில் ஒருவரும் வருத்தப்படப் போவதில்லை. நல்லதாப் போச்சு, இனிமேல் கீழேயே இரு என்பார்கள். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நூர்முகம்மது ஒரு வழி கண்டுபிடித்தான். பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளி மதாரை வரச் சொல்லி, கேபினட்டின் மேல்தகட்டை அறுத்துவிட்டால் கூலர் உட்கார்ந்துவிடும் என்றான். கேட்டவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சபரிலிருந்து வந்த பொருளுக்கு உள்ளூர்த் தகரம் வழிவிடத்தானே வேண்டும்! நல்ல நியாயம்.

மறுநாள் காலை மதார் அறுக்கும் மிஷினோடு மாடியேறினான். நஸீமா கேபினட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. இதுல யாரும் கை வைக்கப்படாது.”

“உள்ள இருக்கதையெல்லாம் கழட்டி வச்சிட்டுத்தான் அறுப்பான்,” என்றான் நூர்முகம்மது. “இல்லன்னா பெரிய கேபினட்டே வாங்கிருவோம்.”

“ஒரு கூலரை வைக்க என் மிஷின் மொத்தத்தையும் பிரிக்கணுமா? வெள்ளிக்கிழமை நெருங்கிட்டு. மிஷினுக்குத் தக்கன கூலர் வாங்கணும் மச்சான். நீங்க தம்மாம் ரூம்ல கூட இருக்கவன் பேச்சைக் கேட்டிய, நான் சொன்னதைக் கேக்கல.”

“அத்தன பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டு, பேச்சைப் பாரு.”

“மானம் உங்களுக்கு மட்டுந்தானா? என் வேலைக்கு இல்லையா?”

மதார் இருவர் முகத்தையும் பார்த்தான். பிறகு பைய அறுக்கும் மிஷினைப் பைக்குள் திணித்துக்கொண்டு, “நான் வாரேன் மாப்ள,” என்று இறங்கிப் போனான்.

நஸீமா புர்காவை மாட்டிக்கொண்டு ஜங்ஷனில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பினாள். “தனியாப் போறா பாரு, நீயும் கூடப் போலே,” என்று ஆபிதா பீவி மகனை விரட்ட, அவனும் கடுகடுவென்று பின்னால் வந்தான்.

கடைக்காரர் அவளை விட்டுவிட்டு அவனிடம் பேசினார். “அண்ணாச்சி, லைட்டு மின்னுத மாடல் ஒண்ணு வந்திருக்கு. எல்லாரும் அதைத்தான் எடுக்காங்க.”

“எங்கிட்டச் சொல்லுங்க. மிஷின் என்னுது,” என்றாள் நஸீமா. “ரெண்டு ஃபேன் போதும். என் பிராசஸர்ல மாட்டுத கிளாம்பு பெட்டியிலயே இருக்கா? தண்ணி கசிஞ்சு போர்டு போச்சுன்னா போர்டுக்கும் சேத்துத் தருவாங்களா? பம்ப் நின்னா நீங்க வாங்கிக்கிடுவியளா, நான் மெட்ராஸுக்கு அலையணுமா?”

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மின்னுகிற மாடலுக்கு இந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதில் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கறுப்புக் கூலரை எடுத்து வைத்தார். லைட்டும் இல்லை, திரையும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. நஸீமா தன் காசில் அதை எடுத்தாள்.

பிராசஸர் மேலிருந்த பழைய பசையைத் துடைத்துப் புதுசு தடவி, ரேடியேட்டரை மேல்தகட்டுக்கு அடியில் திருகி, அவளே மாட்டினாள். நூர்முகம்மது கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மிஷின் ஓட ஆரம்பித்ததும் எழுந்து வந்து கேபினட்டின் மேல் கையை நீட்டினான்.

“அனலா அடிக்குதே!”

“உள்ள இருந்த சூடு வெளிய வருது. அதுக்குத்தானே கூலர்?”

உச்சிவெயிலிலும் மிஷின் அணையவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிஷின் அணைந்தபோதெல்லாம் தன் வேலையில்தான் கோளாறு என்று இத்தனை நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

வியாழக்கிழமை, வீடியோ முடியும் தறுவாயில், தம்மாம் கூலரைப் பார்க்க இன்னும் கொஞ்சம் சொந்தக்காரர்கள் மாடியேறி வந்தார்கள். முன்னால் ஆபிதா பீவி. மூன்று ஃபேன் கூலரைக் கையிலேயே கொண்டுவந்து, கேபினட்டின் தலையில் பாந்தமாக வைத்தாள்.

“உள்ள போவலன்னா என்ன? இங்கன இருந்தா நாலு பேர் பாப்பாவ.”

நஸீமா அதைத் தூக்கிவிட்டாள். “சூடு போற வழி இது மாமி. அடைக்க விடமாட்டேன்.”

“எம்மவன் ஆசையாக் கொண்டாந்ததுளா!”

“ஆசை கீழ இருக்கட்டும் மாமி. இங்கன வேலை நடக்குது.”

வந்தவர்கள் நூர்முகம்மதுவைப் பார்த்தார்கள். ஆண்பிள்ளை என்ன சொல்லப்போகிறான் என்று அறையே காத்திருந்தது. அவன் காது வரை சிவந்துபோனான். நஸீமா கூலரை ஏந்தியபடி, கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் வந்து கூலரை வாங்கிக்கொண்டான்.

“அளவு சொல்லித்தான் விட்டிருந்தா. நாந்தான் கேக்கல,” என்றான். “எல்லாரும் கீழ வாங்க. அவ வேலை பாக்கட்டும்.”

ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் போனதும் நஸீமா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.