இருநூற்றுப் பதினொன்றில் ஒரு மணி நேரம்

இருநூற்றுப் பதினொன்றாம் அறையில் தங்கியிருந்தவர்கள் பத்து மணிக்குக் கிளம்பினார்கள். அடுத்தவர்கள் வருவது இரண்டு மணிக்கு. அந்த இடைவெளியில் என் கணவர் சத்துர்னீனோவை ஹோட்டலின் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்துவிட்டேன். கூஸ்கோவுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு மலையில் மூச்சு முட்டக்கூடாதென்று எங்கள் ஹோட்டலில் ஆறு அறைகளுக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் விடுகிறார்கள்; இதுவும் அதில் ஒன்று. இரண்டு நாள் தலைவலிக்கு இத்தனை உபசாரம். இருபத்திரண்டு வருடம் சுரங்கத் தூசியை விழுங்கிய என் மனுஷன் சிலிண்டருக்காக ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஐந்து மாதமாகச் சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். ஒரு மணி நேரமாவது அவர் படுத்துத் தூங்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"விரிப்பு அழுக்காயிடுமேடி."

"அத மாத்தத்தானய்யா எனக்குச் சம்பளம். பேசாம படு."

படுத்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் குறைந்தது.

"ஏ கிழவி, இது எந்த ஊருக் காத்துடி?"

"காசுள்ளவங்க ஊருது. தூங்கு."

கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைகளைக் கூட்டப் போனேன். எனக்கே மூச்சு லேசான மாதிரி இருந்தது.

திரும்பி வந்தபோது ஜன்னல் விரியத் திறந்திருந்தது. குளிர்காற்று திரைச்சீலையை அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த அளவுகாட்டியில் ஆக்சிஜன் குறைந்துவிட்டதென்று சிவப்பு விளக்கு. அவர் ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா தொறந்த?"

"என் சீக்கு மூச்சு உள்ளயே நிக்குதுல்ல. அடுத்து வர்றவங்களுக்கு ஒட்டிக்கிட்டா?"

எங்கள் ஊரில் நோயாளி படுத்த அறையின் ஜன்னலைத் திறந்து அவர் மூச்சை வெளியே விடாமல் யாரும் போகமாட்டார்கள். என் அம்மா சீக்கில் கிடந்தபோது நானே திறந்துவைத்திருக்கிறேன்.

"தூசிதான், ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் நம்ம ஊர்லயா பொறந்தாரு?"

"எப்பய்யா தொறந்த?"

"நீ அந்தாண்ட போனதுமே."

ஜன்னலைச் சாத்தினேன். அறையில் மறுபடி ஆக்சிஜன் நிறைய இரண்டு மணி நேரமாகும். கீழேயிருந்து தொலைபேசி அடித்தது: விருந்தினர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்களாம். உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. விரிப்பை மாற்றிவிட்டு அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன்.

நடைவழியில் அவர்கள் எதிரே வந்தார்கள். தாய், தகப்பன், ஒரு சின்னப் பெண். பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். சத்துர்னீனோ சுவரோடு ஒட்டி நின்று, தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்தி, அந்தப் பெண் கடந்துபோகும்வரை இருக்கிற கொஞ்ச மூச்சையும் அடக்கிக்கொண்டார்.