வெள்ளிக் கிரகத்துப் பை

என் பெண்டாட்டி இளவரசி வீடு கட்ட நினைத்தது கடலூரில் இல்லை, வெள்ளிக் கிரகத்தில். தரையில் முடியாதாம். அங்கே ஈயமே உருகிவிடும். ரஷ்யாக்காரன் இறக்கிய கருவி ஒன்று இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயமாம். ஆனால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே போனால் நம்ம ஊர் கத்திரி வெயில்தான். நாம் மூச்சு விடுகிற காற்றைப் பையில் அடைத்தால் போதும், அங்கே உள்ள காற்று அதைவிடக் கனம், பை மிதக்கும் என்பாள். ஒரே தொல்லை, சுற்றியுள்ள மேகமெல்லாம் கந்தக அமிலம்.

"ஆசிட்டா? அது நம்ம ஏரியா ஆச்சே!" என்றேன்.

நான் சிலம்பரசன். கடலூரில் ஒரு ஆசிட் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக பிட்டர். அவள் கணக்குப் போட்டுச் சொன்ன தடிப்பில், ஆசிட் அரிக்காத டெப்லான் தாளை வெட்டி, ஓரத்தைச் சூடாக்கி ஒட்டி, அவளுக்குப் பை செய்து கொடுத்ததும் நான்தான்.

2012 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, கடற்கரையில் வெல்டிங் கண்ணாடி வழியாக அந்தக் கரும்புள்ளியை இருவரும் பார்த்தோம். அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. டேங்க் மேல் நின்று வால்வு திருப்பும்போதே, மஞ்சள் மேகத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் மெத்தென்று மிதந்துகொண்டிருப்போம். போர்மேன் கத்தினால்தான் இறங்கி வருவேன்.

அவள் படிப்பது சிதம்பரத்தில்; அங்கே அவளுடைய பேராசிரியர் கனகசபேசன். பை ஒரு பகல் முழுக்க ஆசிட்டில் தாங்கினால், பெங்களூரில் ஆராய்ச்சி இடத்துக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். நாலு வருஷப் படிப்பு. அவள் குதித்தாள். மேகத்தில் இரண்டு பேர் இருந்தோம். பெங்களூர் ஹாஸ்டலில் ஒருத்திக்குத்தான் இடம்.

எங்கள் கம்பெனியில் புது பம்ப் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டோம். பை மட்டும் என்ன பாவம் செய்தது? சோதனைக்குக் கிளம்பும் காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் அடி மடிப்பில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன். திட்டுவாள் என்று சொல்லவில்லை.

சிதம்பரம் லேபில், மதியத்துக்குள், பை கிடந்த கண்ணாடி ஜாடியில் ஆசிட் கறுத்துவிட்டது.

"பை தாங்கலம்மா. கருகுது பாரு. நான் எப்படி எழுதுறது?" என்றார் கனகசபேசன்.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆசிட் சந்தனத்தைக் கரியாக்கும் என்பது பன்னிரண்டு வருஷம் அதிலேயே கிடந்தவனுக்குத் தெரியாதா? பொட்டு வைக்கும்போது புத்தி எங்கே போனதோ! வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. இனி அவள் போக மாட்டாள் என்று உள்ளே ஒரு சந்தோஷம், சீ, அவ்வளவு இனிப்பாக இருந்தது. மஞ்சள் மேகம் மறுபடி வந்தது. அதில் நாங்கள் இரண்டு பேர்.

"பரவால்ல சார்," என்று சொல்லி அவள் கையுறையைக் கழற்றினாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், கருகுனது பை இல்ல. நான் வெச்ச பொட்டு."

அவர் இடுக்கியால் பையை எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவினார். ஒரு கீறல் இல்லை. புது ஆசிட்டில் போட்டுச் சாயங்காலம் எடுத்தபோதும் இல்லை. "வெள்ளிக்கே பொட்டு வெச்ச மொத ஆளு நீதான்யா!" என்று சிரித்துவிட்டு, கடிதம் எழுத உட்கார்ந்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் இளவரசி என் பக்கம் திரும்பினாள்.

"கறுக்க ஆரம்பிச்சதுமே உனக்குத் தெரியும்ல மாமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா நின்ன?"

"நீ போயிடுவியேன்னு."

"நீ சொல்லாம இருந்திருந்தா, நான் சாவுற வரைக்கும் என் கணக்குதான் தப்புன்னு நெனச்சிட்டு இருந்திருப்பேன்."

அவள் அழவில்லை. பஸ்ஸில் நாலு பேர் பார்க்க, நான்தான் அழுதேன்.