நீல அட்டையில் மீதி ஆறு வரி

“மூணுல எதை வெக்கறதுன்னு சொல்லு அம்மிணி. பன்னண்டு மணிக்குள்ள எடுத்தாகோணும்” என்றார் கன்னையன் மாமா.

அன்புசெல்வி மூன்று புத்தகங்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள் அண்ணன் தங்கதுரை. முப்பத்தொரு வயது. நாலே மாதத்தில் ஆளைத் தின்ற ஈரல் நோய் அந்த எடுப்பான மூக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது. போகிறவரோடு பிரியமானதைச் சேர்த்து அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். அப்பாவோடு வெற்றிலைப் பெட்டி போயிற்று. அண்ணன் பிசிறு நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை அம்மா சாரதாமணி கொண்டுவந்து நீட்டினாள். இரும்பு ஆகாது என்று மாமா அதை வாங்கி ஜன்னலில் வைத்தார்.

“அப்ப அந்தப் புஸ்தகத்தையாவது வெய்யுங்க. அதைப் படிக்கக் கேட்டாத்தான் எம் பையன் ஒரு வாய் கஞ்சி குடிப்பான்” என்றாள் அம்மா.

“ஒரே புஸ்தகத்தை எதுக்கு மூணு வாங்கியிருக்கான்?”

“பாட்டு ஒண்ணுதானுங்க மாமா. இங்கிலீஷ்ல மாத்துனவங்க மூணு பேரு” என்றாள் அன்புசெல்வி. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடையவில்லை.

எழுநூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியப் பாட்டு. ஒருவன் உயிரோடு நரகத்துக்குள் இறங்கி, அடிவரை நடந்து, அந்தப் பக்கமாக ஏறி வெளியே வருவான். அண்ணன் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஆர்டர் பார்க்க வந்த இத்தாலிக்கார அம்மாள், தங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே இது பாடம் என்று சொல்லி, கறுப்பு அட்டைப் புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிற தங்கைக்கு அதன் பிறகு தூக்கம் ஏது? கோயமுத்தூர் பழைய புத்தகக் கடைகளை அலசி மற்ற இரண்டையும் பிடித்துவிட்டாள். பழுப்பு அட்டை உரைநடை, பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. பத்துப் பக்கம் கேட்டதுமே அண்ணன் கையை ஆட்டிவிட்டான். “இது துணி இல்ல அம்மிணி. துவைக்கறது எப்படின்னு போட்ட லேபிளு.”

சண்டை நீலத்துக்கும் கறுப்புக்கும்தான். நீலம் அவள் கட்சி. அதில் வரிக்கடைசிகள் ஒலி சேர்ந்து வரும். கறுப்பு அண்ணன் கட்சி. அதில் ஒலி சேராது, பேச்சு மாதிரி ஓடும்.

“மூலத்துல மூணு மூணு வரியாப் போகுதுங்ணா. நிட்டிங்ல கண்ணிக்குள்ள கண்ணி மாட்டற மாதிரி. நீலத்துக்காரர்தான் அதை விடாமப் புடிச்சுட்டு வந்திருக்காரு.”

“புடிச்சாரு. இத்தாலி நூலு வேற, இங்கிலீஷ் நூலு வேற. அதே மெசின்ல அப்படியே ஓட்டினா ஓட்டை விழாம என்ன பண்ணும்? இங்க பாரு, குளிருதுன்னு சொன்னதோட முடிஞ்சுது. சத்தம் சேரோணும்னு மேல ரெண்டு வார்த்தை. அளவுக்காக இழுத்துப் புடிச்ச துணி இது. ஒரு தண்ணிக்குச் சுருங்கீரும்.”

“கறுப்பு மட்டும் என்னங்க?”

“போட்டா உடம்புல இருக்கறதே தெரியாது.”

“இருக்கறதே தெரியாம இருக்கறதுக்குப் பாட்டு எதுக்குங்க? பேசாம வெறும் உடம்போடயே சுத்தலாமே.”

அவன் சிரிப்பான், சிரிப்பு இருமலாகும். பழுது இருக்கும் இடத்தைக் காட்ட பனியன்களில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து நீலப் புத்தகத்தில் ஒட்டுவான். பக்கத்துக்கு இரண்டு, மூன்று. கறுப்பில் ஒன்றுகூட இல்லை.

நேற்று மத்தியானம், “வெளிய வர்ற எடத்தைப் படி அம்மிணி” என்றான். கண்ணைத் திறக்கவில்லை. எதிலிருந்து என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், கறுப்பு அவன் தலையணை ஓரத்திலேயே கிடந்தது. அவள் நீலத்தை எடுத்தாள். ஒரு தடவையாவது ஒத்துக்கட்டுமே என்கிற வீம்பு. சாகிறவனிடம் என்ன வீம்பு என்று கேட்கலாம். அவன் சாகிறான் என்பதைத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லையே.

நிறுத்தி நிறுத்தி, நன்றாகத்தான் படித்தாள். முடிய ஆறு வரி இருக்கும்போது அவன் கை எழுந்தது. புறங்கையால் புத்தகத்தைத் தள்ளினான். அதில் பலமே இல்லை. ஆனாலும் தள்ளினான்.

“அவ்வளவு ஆகலீங்களா? சரி, கறுப்பையே கட்டிக்கிட்டு அழுவுங்க. நானொண்ணும் படிக்கலீங்க.”

புத்தகத்தை மூடிவிட்டு டீ வைக்கப் போனாள். பால் பொங்கி வருவதற்குள் உள்ளே அம்மாவின் அலறல் கேட்டது.

“கறுப்பையே வெச்சுருங்க மாமா” என்றாள் அன்புசெல்வி இப்போது. “அதுதானுங்க அண்ணனுக்குப் புடிச்சது. கடைசியிலகூட நீலத்தைத் தள்ளிவுட்டுட்டாருங்க.”

அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மயிலாள் நிமிர்ந்தாள். செக்கிங் மேஜையில் ஒன்பது வருடம் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றவள்.

“எப்படித் தள்ளினாரு கண்ணு?”

அன்புசெல்வி புறங்கையால் காற்றைத் தள்ளிக் காட்டினாள்.

மயிலாள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஆகாத பீஸை உங்கண்ணன் தள்ள மாட்டாரு. உள்பக்கம் திருப்பி, ஸ்டிக்கர் ஒட்டி, தம்பக்கத்துலயே வெச்சுக்குவாரு. புறங்கையில தள்ளினா அது பாஸு. வாயில சொல்லவே மாட்டாரு. தள்ளுவாரு, நாங்க எடுத்து மடிப்போம். புதுசா வர்ற புள்ளைக எல்லாம், அண்ணன் எம் பீஸைத் தள்ளிட்டாருன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்.”

“முடியாமத் தள்ளியிருக்கலாமில்லீங்க அக்கா. போதும்னு.”

“இருக்கலாஞ்சாமி. நான் மேஜையில பாத்ததைச் சொன்னேன்.”

வாசலில் ஆட்கள் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டும் சத்தம். மாமா பெட்டியின் மூடியைத் தூக்கினார். குளிர் அவள் முழங்காலில் வந்து பட்டது. புத்தகத்தைக் கைக்குள் கொடுக்க வேண்டும் என்று, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை மாமா ஜன்னலில் இருந்த குட்டிக் கத்தரியால் வெட்டினார். வெட்டிய பிறகும் கைகள் சேர்ந்தேதான் இருந்தன.

“சீக்கிரம் அம்மிணி” என்றார்.

அவள் நீலத்தைத் திறந்தாள். கறுப்பையும் திறந்தாள். இரண்டிலும் அதே இடம். மூடியிலிருந்து ஒரு சொட்டு நீலத்தின் பக்கத்தில் விழுந்தது. சிவப்பு அம்பு நனையாமல் தாவணி நுனியால் ஒற்றி எடுத்தாள்.

“இன்னும் ஆறு வரிதானுங்க அக்கா இருக்குது. எதுல படிக்கறனோ அதையே கையில வெச்சுரலாமுங்க. ஒம்பது வருசம் கூடவே இருந்தவங்க நீங்க. நீலத்துலயே முடிச்சுரட்டுங்களா, கறுப்புல படிக்கட்டுங்களா, நீங்க என்னங்க நெனைக்கறீங்க?”