கட்டில் தெரியாத கோணம்

மேசையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அப்போதும் கட்டிலின் ஓரம் தெரிந்தது. மடிக்கணினியைச் சற்றே திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர் மட்டும் மிஞ்சியது.

“என்னை மறைச்சிட்டியா?” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. “நான் பக்கத்துல இருந்தா உன் அழகு எடுபடாதுன்னு பயம்.”

“பேசாம படும்மா. சீக்கிரம் முடிச்சிடறேன்.”

இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்த பிறகு, அன்று காலை அம்மா திடீரென்று தெளிந்து அரை டம்ளர் பால் குடித்தாள். அந்தத் தெளிவை நம்பித்தான் அப்பா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரச் சம்மதித்தார். “அவள விட்டு நகராத” என்று கதவருகே நின்று சொன்னார். “இங்கயேதாம்பா இருப்பேன், போங்க” என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

அவள் பல்கலைக்கழக ஆய்வாளர். ஏரியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குச் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளையே நீர்மட்டம் அளக்க வைத்தாள். அந்தக் கணக்கு அவர்களுக்குப் பாடமும் ஆகும், தண்ணீரைப் பங்கிடவும் உதவும் என்பது அவளுடைய வாதம். அரசாங்கம் காதுகொடுத்தால் அது திட்டம். இல்லாவிட்டால் நூலகத்தில் தூசி தின்னும் இன்னொரு தடித்த அறிக்கை. பல வருஷம் நடையாய் நடந்ததற்கு அன்றுதான் அரசாங்கம் காதுகொடுத்தது.

“நீ அம்மாவைப் பாரும்மா, நான் பேசிக்கறேன்” என்று துறைத் தலைவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நல்ல மனுஷர். ஆனால் அவர் பேசினால் அவர் பெயர்தான் நிற்கும் என்று அவளுக்கு உடனே தோன்றியது. “பரவாயில்ல சார், ஆஸ்பத்திரியிலேர்ந்தே பேசறேன்” என்றாள். அப்படித் தோன்றியது வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

காணொளிக் கூட்டம் நன்றாகவே போனது. முடியும் தறுவாயில் நீர்வளத் துறைச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளைங்க விளையாட்டா எழுதின கணக்க நம்பி நான் எப்படிம்மா மதகைத் திறக்கிறது? நாளைக்கு விவசாயி வந்து என் கழுத்தைப் பிடிப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். வாயைத் திறந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“இங்க வாயேன்.”

சத்தமாகக்கூட இல்லை. அவள் திரும்பவில்லை. இடது கையைக் கட்டில் பக்கம் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினாள். இரு, ஒரு நிமிஷம்.

பிறகு பேசினாள். ஒரு பள்ளியின் கணக்கில் பிழை இருந்தால் பக்கத்துப் பள்ளியின் கணக்கு அதை எப்படிக் காட்டிக் கொடுக்கும் என்று கோவையாகச் சொன்னாள். செயலாளர் தலையாட்டினார், குறித்துக்கொண்டார், இன்னொரு கேள்வியும் கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடித் திரும்பினாள்.

“என்னம்மா, கூப்பிட்ட?”

அம்மாவின் கை கட்டில் விளிம்பைத் தாண்டி, மேசைப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா தலை துவட்டிய ஈரத்தோடு வந்து சேர்ந்தார். நெடுநேரம் அம்மாவின் காலடியில் நின்றுவிட்டு, “கூப்பிட்டாளா? ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. தூக்கத்துலயே போயிட்டா. நான் கையப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.”

செயலாளருக்குப் பதில் சொன்னபோது வந்த அதே சரளம். அதை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் உடம்பு கூசியது.

அடக்கம் முடிந்த பிறகும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதையே சொன்னார். “மக கையப் பிடிச்சுக்கிட்டே போயிட்டா. அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினாள்.

துறைத் தலைவர் போனில் அழைத்தார். “ஒத்துக்கிட்டாங்கம்மா! எல்லாப் பள்ளிக்கும் கொடுக்கப் போறாங்க!” என்று கத்தியவர் சட்டென்று குரலைத் தணித்தார். “மன்னிச்சுக்கம்மா. அம்மா விஷயம்… சந்தோஷத்துல மறந்துட்டேன்.” அவர் மறந்ததாவது ஒரு கணம்தான் என்று நினைத்தபோது அவள் குறுகிப்போனாள்.

பல்கலைக்கழகம் அந்தக் கூட்டத்தை இணையத்தில் போட்டிருந்தது. அம்மாவின் தம்பி, ஓட்டவாய் மாமா, அதை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். ஒரு ரகசியத்தைப் படி தாண்டும்வரைகூட வைத்திருக்கத் தெரியாதவர்.

“அரசாங்கத்துக்கே நம்ம பொண்ணு பாடம் எடுத்திருக்கா! டிவில போடறேன் பாருங்க.”

“வேண்டாம் மாமா, இப்பப் போய்…”

“அட, உங்கம்மா இருந்தா தெருவையே கூட்டியிருப்பா!”

“போடட்டும்மா” என்றார் அப்பா. நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த நேரத்துல அந்த ரூம்ல எடுத்ததுதானே? அவ குரல் ஏதாவது கேக்குமான்னு பாக்கறேன்.”

அவள் அடுப்படி நிலைப்படியில் நின்றாள். திரையில் வெறும் சுவர், அதற்கு முன் அவள் முகம், மேசைமேல் கோத்து வைத்த அவளுடைய இரண்டு கைகள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்தைப் பிடிப்பான் என்றதும் மாமா வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அம்மாவின் குரல் அமுங்கிப்போனது. பிறகு இடது கை மேலே எழுந்தது.

“பாத்தீங்களா! அவ்வளவு பெரிய அதிகாரியவே கை காட்டி நிறுத்தறா!” என்றார் மாமா.

அப்பா ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். யார் யாருக்குக் கை காட்டுகிறார்கள் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் திரையில் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த உள்ளங்கை பார்த்திருந்த பக்கத்தை, சுவர் முடியும் விளிம்பைப் பார்த்தார். பேச்சு முடிந்து திரை இருளும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது திரும்புவார், கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் திரும்பவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா உள்ளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். “கடைசி நேரத்துல யாருண்ணே கூட இருந்தாங்க?” என்று கேட்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“நான் இருந்திருக்கணும்மா. குளிச்சிட்டு வரேன்னு போயிட்டேன்.”

அவள் தேநீர்த் தட்டை எடுத்து வந்து நீட்டினாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு டம்ளரை எடுத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். தையல்காரம்மா குடித்து முடித்துக் கிளம்பிய பிறகும் அது அங்கேயே இருந்தது, மேலே பாலாடை படிந்து.