எந்தக் கோயிலுக்கு வரி?

சங்கரன்கோவிலில் இரும்புக்கடை வைத்திருக்கும் குருநாதன் அண்ணாச்சிக்கு வெள்ளைக்காரன்மேல் பொல்லாத கோபம். மகன் மகாராஜா அமெரிக்காவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில், பூர்வீகம் எது என்று விசாரித்துவிட்டு வீடு இல்லையென்று அனுப்பிவிட்டார்களாம். அண்ணாச்சி விடுவாரா? தெரு நலச் சங்கத்தைக் கூட்டி, கல்யாண மண்டபத்தில் நிறவெறி எதிர்ப்புக் கூட்டமே போட்டுவிட்டார். வாசல் ஃபிளெக்ஸில் ஒரு கறுப்புக் கையும் ஒரு வெள்ளைக் கையும் குலுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அவற்றைவிடப் பெரிதாக அண்ணாச்சியின் முகம், கம்ப்யூட்டரில் நன்றாக வெளுக்கப்பட்டு.

தேன்மொழி அங்கே வந்தது நிறவெறியை ஒழிக்க அல்ல. வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊரில் அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கிடந்தாள். லேடீஸ் ஹாஸ்டலில் அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது. பார்த்த வீடெல்லாம் ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணாச்சியின் மாடி வீடு காலி. கூட்டம் முடியட்டும், பேசுவோம் என்றிருந்தார்.

சட்டைக் காலரில் குட்டி மைக்கை மாட்டிக்கொண்டு அண்ணாச்சி முழங்கினார்.

"வீடு கேட்டவன்கிட்ட பூர்வீகம் கேக்கான்! கேட்டுட்டு என்ன சொல்லுதான் தெரியுமா? வீடு நேத்தே போயிட்டாம்! இதெல்லாம் ஒரு பொழப்பாவே?"

"ச்சீ!" என்றது மண்டபம்.

பிறகு எல்லாரும் கையை நீட்டி, பிறப்பைக் கேட்டு யாரையும் ஒதுக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். தேன்மொழியும் கையை நீட்டினாள். இந்த மனுஷன் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார் என்று நம்பிவிட்டாள், பாவம்.

கூட்டம் கலையும்போது மேடையோரம் போய் நின்றாள்.

"மாடி வீடுதானம்மா? தாராளமா வாங்க. சொந்த ஊரு எது?"

"ராயகிரிப் பக்கம், அண்ணாச்சி."

"அங்கன எந்தத் தெ…"

நாக்கைக் கடித்துக்கொண்டார். உறுதிமொழியின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. அண்ணாச்சி வாக்குத் தவறாதவர், தெருவைக் கேட்கவில்லை.

"கொடைக்கு எந்தக் கோயிலுக்கும்மா வரி குடுப்பிய?"

எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். பிறகு தெரு எதற்கு? காலர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். கேள்வி மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது. புறப்பட்டவர்கள் அப்படியே நின்று திரும்பினார்கள். யாருக்கும் தலை குனியவில்லை. பதிலைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். உறுதிமொழிக்குக்கூட மண்டபம் இவ்வளவு அமைதியாக இருக்கவில்லை.

ஏதோ ஒரு கோயில் பெயரைச் சொன்னால் சாவி கைக்கு வந்துவிடும். அம்மாவை நினைத்தபோது பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதே அம்மாவை நினைத்ததும் உள்ளே போய்விட்டது.

"எங்ககிட்ட எந்தக் கோயில்லயும் வரி வாங்கமாட்டாவ, அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு முறை செருமினார்.

"அடடா, சொல்ல மறந்துட்டேன் பாருங்க. மாடி வீடு நேத்தே போயிட்டும்மா."

ஸ்பீக்கர் அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னது. மண்டபம் வாயைத் திறக்கவில்லை.

தேன்மொழி கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியின் காலருக்குப் பக்கத்தில் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி அவளே சொன்னாள்.

"ச்சீ!"